‘ஏஎன்ஏ’ ரத்தப் பரிசோதனை: பாசிட்டிவ் என்றால் லூபஸ்தானா?

ஈப்போ - ஓயாத மூட்டு வலி, சோர்வு, கன்னங்களில் சிவந்த தடிப்பு, முடி உதிர்தல். தோட்டப்புறத்தில் உழைத்துப் பழகிய குடும்பங்களில் இவற்றை ‘வேலைக் களைப்பு’ என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், லூபஸ் நோயும் இப்படித் தொடங்கலாம். இந்நோய் கண்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள்.

கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்புப் புரதங்கள் சொந்த உடலையே தாக்குவதுதான் லூபஸ். அந்தப் புரதங்களைத் தேடும் முதல் சோதனையே ஏஎன்ஏ. ஆய்வகத்தில் ரத்தநீரை 1:80, 1:160 என்று படிப்படியாக நீர்த்து, கண்ணாடித் தகட்டில் உள்ள மனித உயிரணுக்கள் மீது இடுவர். எதிர்ப்புப் புரதம் இருந்தால், ஒளிரும் சாயம் சேர்த்ததும் நுண்ணோக்கியில் பச்சையாகத் தெரியும்.

1997-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், நோயற்றவர்களில் சுமார் 13 விழுக்காட்டினருக்கும் 1:80 அளவில் பாசிட்டிவ் வந்தது. ஆகவே, பாசிட்டிவ் என்பது தீர்ப்பு அல்ல. அறிகுறிகளோடு சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார். நெகட்டிவ் வந்தால் லூபஸாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

அடுத்து, டிஎன்ஏ எதிர்ப்புப் புரதமும் சி3, சி4 புரதங்களும் அளக்கப்படும். நோய் தீவிரமாகும்போது பொதுவாக முன்னது ஏறும், பின்னவை இறங்கும். சிறுநீரில் புரதம் கசிந்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். வலி இல்லாமலே அது கெடக்கூடும் என்பதால் சிறுநீர்ப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது.

நாட்டில் இத்துறைக்கு நீண்ட அனுபவம் உண்டு. மருத்துவ ஆய்வுக் கழகம் (ஐஎம்ஆர்) 1900-இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்டது. பேராக் மக்கள் முதலில் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கை நாடலாம். தேவைப்பட்டால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் போன்ற மருத்துவமனைக்கு மருத்துவர் கடிதம் தருவார். பழைய பரிசோதனை முடிவுகளையும் உடன் எடுத்துச் செல்வது நல்லது.