டெக்சஸ்: கார் விற்பனை வரியும் உரிமைச் சான்றுக் கட்டணமும்

அமெரிக்காவில் கார் வாங்குவோர் விலைக்கு மேல் கட்ட வேண்டிய தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் மோட்டார் வாகன விற்பனை வரி 6.25 சதவீதம். மற்றப் பொருள்களைப் போலன்றி, இதன்மேல் நகர, கவுண்டி வரிகள் சேர்வதில்லை. ஆகவே கணக்கு எளிது. பழைய காரை விற்பனையாளரிடமே மாற்றாகக் கொடுத்தால் அதன் மதிப்பு கழியும்: 30,000 டாலர் காருக்கு 10,000 டாலர் பெறும் பழைய காரைக் கொடுத்தால், மீதி 20,000-க்கு வரி 1,250 டாலர். கலிபோர்னியாவில் இந்தக் கழிவு இல்லை.

தனியாரிடம் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகின்றனர். ரசீதில் விலையைக் குறைத்து எழுதிப் பயனில்லை. மாநிலம் அந்த வாகனத்துக்கு ஓர் உத்தேச மதிப்பு வைத்திருக்கிறது. அதில் 80 சதவீதம், கொடுத்த விலை, இரண்டில் எது அதிகமோ அதற்கே வரி. உத்தேச மதிப்பு 10,000 டாலராக உள்ள காரை 5,000-க்கு வாங்கினாலும், வரி 8,000-க்கு, அதாவது 500 டாலர். உண்மையிலேயே பழுதான வண்டியென்றால், உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரின் சான்று உதவும். பெற்றோர் பிள்ளைக்கு அன்பளிப்பாகத் தரும் காருக்கு 10 டாலர் மட்டுமே.

உரிமைச் சான்றுக் கட்டணம் கவுண்டியைப் பொறுத்து 28 அல்லது 33 டாலர். பதிவுக் கட்டணம் தனி. விற்பனையாளர் வாங்கும் ஆவணக் கட்டணம் அரசுக்குரியதன்று.