வந்தவருக்கு எங்கே இடம்?

புதிதாக ஒருவர் ஆலயத்துக்குள் வருகிறார். வாசலில் கைகூப்பி வரவேற்றிருப்பார்கள். ஆனாலும் சபை அவரை ஏற்றுக்கொண்டதா என்பது அவருக்குக் கிடைக்கும் இருக்கையில்தான் தெரியும். யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் இதையே பேசுகிறது. பொன்மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இடமும், கந்தை உடுத்தியவருக்குக் காலடித் தரையும் காட்டிய சபையார் அங்கே கண்டிக்கப்படுகிறார்கள்.

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் இத்தாலியில் தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்குநூலில் 53ஆம் அதிகாரம் விருந்தினருக்கு உரியது. வருகிறவர் எவரானாலும் கிறிஸ்துவே வந்ததாக எண்ணி ஏற்க வேண்டும் என்கிறது. ஏழைகளிடமும் யாத்திரிகரிடமும் கூடுதல் அக்கறை வேண்டும் என்று சொல்லி, அதற்குக் காரணமும் தருகிறது: செல்வருக்கு அவர்மேல் உள்ள அச்சமே மரியாதையைத் தேடித் தந்துவிடும். மனித மனத்தை இவ்வளவு அறிந்த வரவேற்பு விதி வேறொன்றை நான் படித்ததில்லை.

நம் மண்ணில் செல்வத்தைவிடச் சாதியே இருக்கையைத் தீர்மானித்தது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கடிதம் அனுப்பினார். அதை ஏற்க மறுத்து, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தின் கதை இன்னும் வேதனையானது. ஒரே பீடத்தை நோக்கி இரு கூடங்கள், நடுவே சுவர், ஒவ்வொரு பக்கமும் வெவ்வேறு சாதியார். அந்தச் சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. தனி இடம் தங்கள் உரிமை என்று வாதாடியவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

இன்று அப்படிச் சுவர் எழுப்ப எவரும் துணியமாட்டார். ஆனால், "தம்பிக்கு எந்த ஊரு? யார் வீட்டுப் பிள்ளை?" என்ற விசாரிப்பு இருக்கிறது. அன்பாகவே கேட்கிறோம் என்பார்கள். பலர் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால், ஊரையும் குடும்பத்தையும் வைத்துச் சாதியைக் கணக்கிடும் நாட்டில், இந்தக் கேள்வி எதற்காக வருகிறது என்பது கேட்கப்படுகிறவருக்கு நன்றாகவே தெரியும். ஆராதனை நடுவே எழுந்து நின்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல்வதும் அவருக்குச் சங்கடம்தான். துக்கத்தோடு வந்தவர், பிற சமயத்திலிருந்து முதல்முறை வந்தவர், வேறு சபையில் மனம் நொந்து வந்தவர் ஆகியோருக்கு அந்த ஒரு நிமிடமே பெரும் பாரம்.

பரிசுத்த நற்கருணைக்கு முன்னே போகலாமா, இருந்த இடத்திலேயே இருக்கலாமா என்று தெரியாமல் தவிப்பவரும் உண்டு. போதகர் இரண்டு வாக்கியத்தில் அதை அறிவித்துவிட்டால் போதும்.

சபையாருக்கு என் வேண்டுகோள் இதுதான். வரிசையின் ஓர இருக்கையைப் பிடித்துக்கொள்ளாமல் உள்ளே நகர்ந்து உட்காருங்கள். கீர்த்தனை எண்ணைப் பக்கத்தில் இருப்பவருக்கு எடுத்துக் காட்டுங்கள். பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தில் அவரை உங்கள் பந்தியிலேயே அமர்த்திக்கொள்ளுங்கள். ஊரை அவராகச் சொல்லும்வரை கேட்காதீர்கள்.