தானே கரைந்த கட்டி

அரபு மொழியில் 'ஸரத்தான்' என்றால் நண்டு. புற்றுநோய்க்கும் அதுவே பெயர். கிரேக்கர் இட்ட பெயரும் நண்டுதான். தமிழரோ 'புற்று' என்றனர். எப்பெயரால் அழைப்பினும், பற்றிய இடத்தை அது விடாது என்ற அச்சம் ஒன்றே. குர்துபாவின் அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (ரஹ்), ஏறத்தாழ 1013-இல் மறைந்தவர். நாள்பட்டுப் பெருத்த புற்றை அணுகவே வேண்டா என்று தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் எழுதினார். அத்தகையோரில் ஒருவரையும் தாம் குணப்படுத்தியதில்லை என்றும், தமக்கு முன் எவரும் குணப்படுத்தியதாகக் கண்டதில்லை என்றும் ஒளிக்காமல் குறித்து வைத்தார். தம் தோல்வியை இவ்வாறு எழுதி வைக்கும் நெஞ்சுரம் எல்லோருக்கும் வாய்ப்பதன்று.

ஆயினும், மருந்தும் கத்தியும் இன்றியே கட்டி கரைந்தது என்ற செய்தியை நம்மில் கேளாதவர் இல்லை. நமக்கு நெருக்கமான பெரியவர் ஒருவர், மலக்குடலில் புற்று என்று தெரிந்த பின்னரும், 'யாருக்கோ' தானாகக் கரைந்தது என்ற பேச்சை நம்பி அறுவையை ஐந்து மாதம் ஒத்திப்போட்டார். அந்த 'யாரோ' யார் என்று அவர் கேட்கவில்லை. ஹதீஸ் கலையில் ராவிகளின் வரலாற்றை ஆண்டுக்கணக்கில் பயிற்றுவித்த நாமும் கேட்கவில்லை. மீண்டும் மருத்துவரிடம் சென்றபோது நோய் ஈரலை எட்டியிருந்தது. அவருடைய ஜனாஸாத் தொழுகைக்குப் பின்னரே இச்செய்திகளின் ஸனதைத் தேடப் புகுந்தோம். தேடியதில், அவை முற்றும் பொய்யல்ல என்றே தெரிந்தது.

நியூயார்க்கில் வில்லியம் கோலி என்னும் இளம் அறுவை மருத்துவர் இருந்தார். கையில் புற்று கண்ட பதினெட்டு வயதுக்குள் அடங்கிய பெண்ணொருத்தி 1891 தொடக்கத்தில் அவர் கண்ணெதிரே இறந்தாள். மனம் தாளாத அவர் மருத்துவமனையின் பழைய ஏடுகளைப் புரட்டலானார். அவற்றுள் ஸ்டைன் என்ற ஜெர்மானியக் குடியேறியைப் பற்றிய குறிப்பு ஒன்று கிடைத்தது. கழுத்துப் புற்றைப் பன்முறை அறுத்தும் முற்றாக நீக்க இயலவில்லை. இனி வழியில்லை எனக் கைவிட்ட நிலையில், அரபு மருத்துவர்கள் 'ஹும்ரா' என்று குறித்த செந்தோல் அழற்சி அவரைப் பற்றியது. காய்ச்சல் ஏறியது, கட்டி கரைந்தது, 1885-இல் அவர் வீடு திரும்பினார்.

ஏடு சொல்லிற்று என்று கோலி அமைந்துவிடவில்லை. ஸ்டைனைத் தேடி ஏழைக் குடியேறிகளின் நெரிசலான குடியிருப்புகளில் அலைந்தார். தழும்போடு உயிர் வாழ்ந்தவரை நேரில் கண்டார். ஒரு ஹதீஸுக்காகத் திங்கள் கணக்கில் பயணம் செய்த முன்னோர்களை நாம் நினைத்துக்கொண்டோம். பின்னர் கோலி அதே கிருமியை நோயாளிகளுக்கு ஊசியால் செலுத்தினார். சிலர் தேறினர், சிலர் அத்தொற்றாலேயே மாண்டனர். 1893-இல் கொல்லப்பட்ட கிருமிகளுக்கு மாறினார். அதை முதலில் பெற்றவர்களுள் ஒருவனான, வயிற்றில் பெருங்கட்டி கொண்ட பதினாறு வயதுச் சிறுவன் தேறி, மேலும் இருபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தான். ஆனால் அம்மருந்தின் தயாரிப்பும் அளவும் ஆளுக்கு ஆள் வேறுபட்டன, குறிப்புகளும் குறைபட்டன. ஸ்டைனிடம் காட்டிய துருவலைத் தம் மருந்தின் கணக்கில் அவர் காட்டவில்லை என்பது நம் வருத்தம். அவர் 1936-இல் இறந்தபோது அம்மருந்தை மதித்தவர் சிலரே.

சிகாகோ நகரின் எவர்சன், கோல் என்னும் இரு மருத்துவர்கள் 1966-இல் வெளியிட்ட நூலே இத்துறையின் முதல் உரைகல். 1900 முதல் வந்த செய்திகளைத் திரட்டிச் சலித்தனர். உண்மையில் புற்றுதானா என்பதற்குச் சான்று உண்டா, கொடுத்த மருந்தே கரைத்திருக்கக்கூடுமா என்று கேட்டுக் கேட்டு, எஞ்ச விட்டவை 176. அவற்றுள் பெருங்குடலும் மலக்குடலும் சேர்ந்து ஏழே. கட்டி சுருங்குவது வேறு, நோய் தீர்வது வேறு என்றும் அவர்கள் தெளிவாக உரைத்தனர். குடற்புற்றைக் கண்டவுடன் அறுத்துவிடுவது வழக்கமாதலால், கரைவதைக் காணும் வாய்ப்பும் குறைவே.

ஏன் கரைகிறது? அண்மை ஆண்டுகளில் ஜப்பானிய மருத்துவர்கள் சிலர் எழுதிய குறிப்புகளில் ஒரு தடயம் உண்டு. முதற்சோதனையில் புற்று என உறுதிப்பட்ட குடற்பகுதியைச் சில வாரங்களுக்குப் பின் அறுத்துப் பார்த்தால் புற்றணு இல்லை. அத்தகைய கட்டிகள் சிலவற்றில் ஒரு குறை காணப்பட்டது. கையெழுத்துப் பிரதிகளை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் முஸஹ்ஹிஹை நாம் அறிவோம். உயிரணு பிளக்கும்போது மரபுச் செய்தியின் படியைத் திருத்தவும் அவ்வாறே சில புரதங்கள் உள்ளன. குடற்புற்றுகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்தில் இத்திருத்துநர் வேலை செய்வதில்லை. பிழைகள் மலிய மலிய, அக்கட்டி உடலுக்கே அந்நியமாகத் தோன்றுகிறது. காவல் அணுக்கள் அதை அடையாளம் கண்டு தாக்குகின்றன. பெரும்பாலும் கட்டி அக்காவலரின் கையைக் கட்டிவிடுகிறது. அக்கட்டை அவிழ்க்கும் வழிக்கு அடிகோலிய அலிசன், ஹொன்ஜோ இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது.

2022-இல், திருத்துநர் குறைபாடுடைய மலக்குடற் புற்றாளர் பன்னிருவருக்கு அவ்வகை மருந்தொன்றை ஆறு மாதம் அளித்த முடிவு வெளியாயிற்று. கத்தியும் கதிரும் இன்றிப் பன்னிருவரிடத்தும் சோதனையில் கட்டி தென்படவில்லை. அச்சோதனை நடந்த இடம் நியூயார்க். கோலி பணியாற்றிய மெமோரியல் மருத்துவமனையின் வழிவந்த நிலையம். குணமாயிற்று என்று முழங்காமல், அந்த மருத்துவர்கள் அப்பன்னிருவரையும் தொடர்ந்து அழைத்துச் சோதித்து ஏட்டில் பதிந்து வந்தனர்.