கணினியின் ஆயுள்: திட்டமிட்ட காலாவதியும் மின்கழிவும்

பொருளின் ஆயுளைத் தயாரிப்பவரே குறுக்கிவைக்கும் வழக்கம் கணினிக்கு மூத்தது. 1924-இல் உருவான ஃபீபஸ் என்னும் பல்பு நிறுவனங்களின் கூட்டணி, வீட்டு பல்பின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைத்தது. அதைத் தாண்டி எரியும் பல்பைச் செய்த உறுப்பினருக்கு அபராதம் போட்டது. 1932-இல் பெர்னார்ட் லண்டன் என்ற அமெரிக்கர், பொருளாதார மந்தம் நீங்க அரசே பொருள்களுக்கு ஆயுள் வரம்பு விதிக்கலாம் என்று எழுதினார். கணினித் தொழிலுக்கு நெடுங்காலம் இந்தத் தந்திரம் தேவைப்படவில்லை. 1990-களில் சில்லுகளின் வேகம் ஏறிய விரைவில் பழைய பெட்டி தானாகவே பின்தங்கிவிட்டது. அக்காலக் கழிவு முழுவதையும் சதியின் கணக்கில் எழுதுவது நியாயமல்ல.

2010-க்குப் பிறகு கதை வேறு. கடிதம் அடிக்கவும் கணக்கு எழுதவும் பத்தாண்டுப் பழைய கணினியே தாராளம். ஆனாலும் அது கழிக்கப்படுகிறது. இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றைத் திறந்தால் ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், பேட்டரி பசையால் ஒட்டப்பட்டிருக்கும். 2012-இல் வந்த ரெடினா மேக்புக் ப்ரோ இதற்கு முன்னோடி. வன்பொருள் தாக்குப்பிடித்தாலும் மென்பொருள் விடுவதில்லை. 2021-இல் வெளியான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும் அண்மைக்காலச் செயலியையும் கட்டாயமாக்கியது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. எந்தப் பாகமும் பழுதாகாமலே பல கோடிக் கணினிகள் ஒரே நாளில் காலாவதியாயின.

பாதுகாப்புக்காகவே இந்தக் கட்டுப்பாடு என்பது விண்டோஸை உருவாக்கும் நிறுவனத்தின் வாதம். அதில் உண்மை உண்டு: டிபிஎம் சங்கேதச் சாவிகளைக் காக்கிறது, பழைய நிரலைப் பேணச் செலவும் ஆகிறது. ஆனால் அதே விண்டோஸ் 10-க்கு, பணம் கட்டும் நிறுவனங்களுக்கு மேலும் மூன்றாண்டு பாதுகாப்பு ஒட்டுகள் (பிழைதிருத்தங்கள்) கிடைக்கின்றன. கருவிகளில் பொருத்தும் அதன் ஒரு பதிப்புக்கு 2032 ஜனவரிவரை ஆதரவு உண்டு. ஒட்டு எப்படியும் தயாராகிறது; யாருக்குக் கொடுப்பது என்பது வியாபார முடிவு. மறுசுழற்சி இருக்கிறதே என்ற சமாதானமும் நிற்காது. 2022-இல் உலகில் சேர்ந்த 6.2 கோடி டன் மின்கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதமே. சீனாவின் குய்யூ ஊரில் நெடுங்காலம் முறைசாரா வழியில் மின்சுற்றுப் பலகையை அடுப்பில் சூடாக்கி, ஈயப்பற்று உருகியதும் சில்லைப் பிடுங்கி, அமிலத்தில் தங்கம் பிரித்தார்கள். மேலும், மடிக்கணினி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும்பகுதி தயாரிப்பிலேயே வெளியாகிவிடுகிறது. உருக்கினால் அது திரும்பாது.

பிரான்ஸ் 2015-இல் திட்டமிட்ட காலாவதியைக் குற்றமாக்கியது. 2021 முதல் மடிக்கணினிகளுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண் ஒட்டச் சொல்கிறது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்திய மின்கழிவு விதிகள் மறுசுழற்சிக்கு இலக்கு வைக்கின்றன. மென்பொருள் ஆதரவு எத்தனை ஆண்டு நீடிக்க வேண்டும் என்று அவை விதிக்கவில்லை.