டாம்லின்சன் கமிட்டியும் ஊனமுற்றோர் உத்தியோகமும்

ஊனமுற்றோருக்கு உதவி என்றவுடன் நம்மவரில் பலருக்கு நினைவில் எழுவது கோயில் வாசலும் திருவோடுமே. காசு போட்டவனுக்குப் புண்ணியமாம். காசு பெற்றவனோ மறுநாளும் அதே வாசலில்தான் உட்கார்ந்திருப்பான். வேண்டுவது தருமமன்று, வேலையே என்னும் கொள்கை பிரிட்டனில் சட்டமானதற்கு வழி வகுத்தவர்களுள் முக்கியமானவர் ஜார்ஜ் டாம்லின்சன்.

இவர் 1890-ஆம் ஆண்டில் லங்காஷயரைச் சேர்ந்த ரிஷ்டன் என்னும் ஊரில் பிறந்தார். பன்னிரண்டு வயதில் அரைநாள் பள்ளியிலும் அரைநாள் நெசவாலையிலுமாகக் காலங்கழித்தவர். முதல் உலக யுத்தத்தில் மனச்சாட்சியின் பேரில் ஆயுதமெடுக்க மறுத்தார். 1938-இல் தொழிற்கட்சியின் சார்பில் பார்லிமெண்டு மெம்பரானார். 1941-இல் தொழில் இலாகாவில் எர்னஸ்ட் பெவின் என்னும் மந்திரியின் கீழ்ப் பார்லிமெண்டரி காரியதரிசியானார். துப்பாக்கி ஏந்த மறுத்தவரே, யுத்தத்தில் கைகால் இழந்தோரின் பிழைப்பைப் பற்றி ஆராயும் கமிட்டிக்குத் தலைவரானது கவனிக்கத்தக்கது.

1919 முதல் 'அரசர் பட்டியல்' என்றொரு ஏற்பாடு இருந்துவந்தது. காயமுற்ற முன்னாள் சிப்பாய்களை வேலைக்கு வைத்துக்கொள்வதாக முதலாளிகள் தாமாக வாக்களித்துப் பெயரைப் பதிந்து கொள்ளலாம். கட்டாயம் எதுவுமில்லை. டாம்லின்சன் கமிட்டியின் 1943-ஆம் வருஷத்து அறிக்கையோ இரண்டு விஷயங்களில் இதைக் கடந்து சென்றது. ஒன்று, கட்டாயம். மற்றொன்று, அதனினும் பெரிது: ஊனம் யுத்தகளத்தில் நேர்ந்ததா, சுரங்கத்தில் நேர்ந்ததா, பிறவியிலேயே வந்ததா என்று பேதம் பாராட்டலாகாது என்பது. இயந்திரத்தில் கையைக் கொடுத்த தொழிலாளிக்கும் சிப்பாய்க்கும் ஒரே பதிவேடு!

இதன் பயனாக 1944-இல் ஊனமுற்றோர் உத்தியோகச் சட்டம் பிறந்தது. இருபதோ அதற்கு மேலோ ஆட்களை வைத்திருக்கும் முதலாளி, பதிவு செய்துகொண்ட ஊனமுற்றோரைக் குறிப்பிட்ட விகிதத்தில் அமர்த்த வேண்டும். அவ்விகிதம் பின்னர் நூற்றுக்கு 3 என்று நிர்ணயிக்கப்பட்டது. விகிதம் குறைந்த இடத்தில் தக்க காரணமின்றி அவர்களை விலக்குவதும் குற்றமே. வெளித்தொழிற்சாலைகளில் வேலை செய்ய இயலாதவர்களுக்கென அரசாங்கமே ஒரு ஸ்தாபனம் அமைத்தது. பிற்காலத்தில் ரெம்ப்ளாய் எனப் பெயர் பெற்ற அதன் முதல் தொழிற்சாலை, சுரங்கத் தொழிலாளர் நிறைந்த தெற்கு வேல்ஸில் பிரிட்ஜெண்டு என்னுமிடத்தில் 1946-இல் திறக்கப்பட்டது.

சட்டத்தில் பழுதில்லாமலில்லை. ஊனமுற்றோருக்கென்றே தனியாக ஒதுக்கப்பட்ட வேலைகள் இரண்டுதாம்: மின்சார லிப்டை ஓட்டுவதும், மோட்டார் நிறுத்துமிடத்தைக் காப்பதும். தச்சனும் கணக்கனும் இதைப் படித்தால் என்ன நினைத்திருப்பார்கள்? மேலும், விகிதத்திற்குக் குறைவாயிருப்பதே குற்றமன்று. அந்நிலையில் அனுமதிச் சீட்டின்றி வேறு ஆளை எடுப்பதுதான் குற்றம். அச்சீட்டோ தாராளமாகக் கிடைத்தது. செக்ரோல் எழுதும் எங்களைப் போன்றோருக்கு இந்த வித்தை புதிதன்று: படிவம் பூர்த்தியானால் துரைக்குத் திருப்தி, களத்தில் ஆள் இருக்கிறானா என்பது வேறு கேள்வி. ஐம்பது ஆண்டுகளில் வழக்குக்கு இழுக்கப்பட்ட முதலாளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

டாம்லின்சன் பின்னர் மரமத்து மந்திரியாகவும், 1947 முதல் 1951 வரை கல்வி மந்திரியாகவும் இருந்து 1952-இல் காலமானார். பாரபட்சத்தைத் தடுக்கும் 1995-ஆம் வருஷத்துச் சட்டம் வந்தபின், நூற்றுக்கு மூவர் என்ற விதி 1996-இல் கைவிடப்பட்டது. ரெம்ப்ளாய் தொழிற்சாலைகள் 2012, 2013 ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன, சில கைமாறின. அங்கே வேலை செய்தவர்கள் மூடாதிருக்கும்படி வீதியில் இறங்கிக் கிளர்ச்சி செய்தனர்.