கைக்குள் அடங்கிய கடிவாளம்

பெங்களூரின் தென்புறத்தில், ஓசூர் சாலையை ஒட்டி அமைந்த பொம்மனஹள்ளி போன்ற பகுதிகளில், திருமணங்களை வானிலிருந்து படம்பிடிக்கும் ட்ரோன் இன்று புதுமையன்று. நாம் அண்ணாந்து நோக்குவது பறக்கும் கருவியைத்தான். அதை இயக்குபவரின் கையிலுள்ள சிறு பெட்டியைக் கவனிப்பதில்லை. ஆயினும், தொலைவிலுள்ள யந்திரத்தை மனிதன் தன் சொற்படி நடக்கச் செய்த வரலாறு அப்பெட்டியில்தான் அடங்கியுள்ளது.

கம்பியின் துணையின்றி ஒரு செயலைத் தொலைவில் நிகழ்த்தலாம் என்பதை நம் நாட்டில் கண்கூடாகக் காட்டியவர் ஜகதீச சந்திர போஸ். 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவரை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலைகளைக் கொண்டு அவர் மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். 1898-இல் நியூயார்க் நகரின் மாடிசன் சதுக்க அரங்கில், நிகோலா டெஸ்லா நீர்த்தொட்டியில் ஒரு சிறு படகை மிதக்கவிட்டு, கம்பியில்லாமலே செலுத்திக் காட்டினார். போஸின் அலை ஒரு செயலைத் தொடங்கி வைத்தது. டெஸ்லாவின் அலையோ ஓடும் பொருளைத் தொடர்ந்து நடத்திச் சென்றது.

நீரில் நிகழ்ந்தது வானில் கைகூடப் பல ஆண்டுகள் ஆயின. 1935-இல் பிரிட்டனில் 'குயீன் பீ', அதாவது ராணித் தேனீ, என்னும் ஆளில்லா விமானம் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காகப் பறந்தது. ஆண் தேனீயைக் குறிக்கும் 'ட்ரோன்' என்னும் பெயர் இதையொட்டி வழங்கலாயிற்று என்பர். அக்காலத் தொலைபேசியில் எண்களைச் சுழற்றுவது போலவே, தரையிலிருந்தவர் ஒரு வட்டைச் சுழற்றித் திரும்பு, ஏறு, இறங்கு என்பன போன்ற சில கட்டளைகளை அனுப்பினார். விரல் அசையும் அளவுக்கே சுக்கானும் அசையும் நுட்பம் 1960-களில்தான் பரவலாயிற்று.

பிற அலைகள் குறுக்கிட்டுக் கட்டளையைக் குலைப்பது மற்றோர் இடையூறு. அலைவரிசையை இடைவிடாது மாற்றிக்கொண்டே செய்தி அனுப்பும் முறை ஒன்றுக்கு 1942-இல் நடிகை ஹெடி லாமரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் காப்புரிமை பெற்றனர். நீர்மூழ்கிக் குண்டுகளுக்கென எண்ணப்பட்ட அக்கருத்தின் வழிவந்த முறைகளே, நெரிசல் மிகுந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பல ட்ரோன்களுக்கு இன்று துணைநிற்கின்றன.

இவ்வரலாற்றில் பெங்களூருக்கும் பங்குண்டு. 1959-இல் இங்கு நிறுவப்பட்ட வானூர்தி மேம்பாட்டு நிறுவனம் 'லக்ஷ்யா' என்னும் ஆளில்லா இலக்கு விமானத்தை உருவாக்கியது. ராக்கெட்டின் உந்துதலால் எழும்பிப் பாரசூட்டின் துணையால் இறங்கும் அவ்விமானத்தைத் தரையிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து செலுத்தினர். 2000-ஆம் ஆண்டில் அது விமானப்படையில் சேர்ந்தது.

ஒரு நிலையத்தின் பணி இன்று உள்ளங்கையளவுப் பெட்டிக்குள் ஒடுங்கிவிட்டது. கட்டைவிரல்களுக்கென இரண்டு சிறு குச்சிகள் அதில் உள்ளன. பெரும்பாலும் இடக்குச்சி ட்ரோனை ஏற்றி இறக்கும். நின்ற இடத்திலேயே திருப்பவும் செய்யும். வலக்குச்சி அதை முன்பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தும். விரல்களை எடுத்தால், விற்சுருளால் குச்சிகள் நடுவே திரும்ப, ட்ரோன் அந்தரத்தில் நிற்கும். ஆள்காட்டி விரலுக்கு எட்டும் சிறு சக்கரம் காமிராவைச் சாய்க்கும். இவற்றினும் மேலானது திரை. ராணித் தேனீ கட்டளையைக் கேட்டது. இன்றைய ட்ரோனோ மறுமொழியும் தருகிறது. தான் காணும் காட்சி, பறக்கும் உயரம், மின்கலத்தின் எஞ்சிய வலிமை ஆகியவற்றை நொடிதோறும் அனுப்புகிறது.

அம்மறுமொழி நின்றுபோனால்? தொடர்பு அறுந்ததும், புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பும் ஏற்பாடு பல ட்ரோன்களில் உண்டு. ஆனால் எந்த உயரத்தில் திரும்புவது என்பதைப் பறப்பதற்கு முன்பே குறித்து வைக்க வேண்டும். அவ்வுயரம் அண்டையிலுள்ள மாடிக்கட்டடத்துக்கோ கைப்பேசிக் கோபுரத்துக்கோ தாழ்ந்திருப்பின், தடையை உணரும் கண்ணில்லாத ட்ரோன் அதன்மீது மோதும். கீழே நிற்போரின் தலைமேல் விழவும் கூடும். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பகுத்திருப்பதும், பெரிய ட்ரோன்களை இயக்குவோருக்குச் சான்றிதழ் வேண்டுமென்பதும் இத்தகைய தீங்குகளைக் கருதியே. யந்திரம் எவ்வளவு தேர்ந்தாலும், கடிவாளம் அறுந்தபின் என்ன நிகழவேண்டும் என்பதைக் கடிவாளம் பிடித்தவரே முன்கூட்டித் தீர்மானித்தாக வேண்டும்.