உருகாமல் தப்பிய தங்கக் காசுகள்



1933 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஓர் ஆணை போட்டார். ஆளுக்கு 100 டாலர் போக, மீதித் தங்கக் காசுகளை மே 1-க்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். அவுன்ஸுக்கு 20.67 டாலர் கணக்கில் பணம் கொடுத்தார்கள். அடுத்த ஜனவரியில் அரசே அதை 35 டாலர் ஆக்கியது. சொன்னபடி கேட்டவர்களுக்குத்தான் நட்டம்!

வந்த காசுகளை உருக்கிக் கட்டிகளாக்கினார்கள். சிற்பி செயின்ட் கௌடன்ஸ் வடிவமைத்த அழகான 20 டாலர் காசும் தப்பவில்லை. சேகரிப்பாளர்கள் மதிக்கும் அரிய காசுகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. அப்படிக் காத்தவையும், முன்பே ஐரோப்பிய வங்கிகளுக்குப் போனவையுமே பெரும்பாலும் இன்று மிஞ்சியிருக்கின்றன. 1933-இல் அச்சிட்ட 20 டாலர் காசு ஒன்று 2021-இல் 1 கோடியே 88 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

பழைய காசை உருக்கக் கொடுக்குமுன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். உருக்கினால் மிஞ்சுவது எடை மட்டுமே; வரலாறு போய்விடும்.